குளக்கட்டின் அடியில் கசிவு: களிமண் கொண்டு அடைக்கலாமா?

வெள்ளவத்தையில் வசிக்கும் வாசகர் ஒருவர், வவுனியா மாவட்டத்தில் தமக்கு முதுசமாக வந்த காணியிலுள்ள சிறு குளம் பற்றிக் கேட்டிருக்கிறார். குளத்தின் பரப்பு ஏறத்தாழ ஐந்து ஏக்கர். நிறைந்தால் ஆழமான இடத்தில் பத்தடி தண்ணீர் நிற்கும். கடந்த தை மாதம் குளம் நிறைந்திருந்தபோது, தண்ணீர் திறந்துவிடும் மதகான துருசுக்குச் சற்று இடப்புறமாக, கட்டின் வெளிச்சரிவின் அடியில் இரண்டு பாய் விரிக்கும் அளவு இடம் நனைந்து, அங்கிருந்து மெல்லியதாகத் தண்ணீர் ஓடியதாம். களிமண் கொட்டி இடித்து அடைத்துவிடலாம் என்பது காணியைப் பார்ப்பவரின் யோசனை. குளம் நிறைந்ததும் மிகைநீர் வழிந்தோடும் வானில் மணல் மூட்டை அடுக்கி இன்னும் ஓரடி தண்ணீர் தேக்கலாமா, கட்டின் மேல் நிற்கும் பெரிய மருத மரத்தை வெட்டலாமா என்பவை வாசகரின் மற்றைய கேள்விகள். மாரி தொடங்க இன்னும் ஆறு வாரமளவில் இருக்கின்றது என்றும் எழுதியிருக்கிறார்.

முதற் கேள்விக்குப் பதில்: வெளிப்புறத்தில் களிமண் போடவே வேண்டாம். மண்ணாற் கட்டிய எந்தக் கட்டிலும் தண்ணீர் ஓரளவு ஊடுருவிச் செல்லும். அடியில் வடிகால் வைக்காத பழைய கட்டுகளில் அது வெளிச்சரிவின் கீழ்ப்பகுதியில் வந்து கசிவது இயல்பு. அந்த வாயைக் களிமண்ணால் மூடினால் ஊடுருவல் நிற்காது. வெளியேற இடமில்லாத தண்ணீர் கட்டுக்குள்ளேயே தங்கி, அழுத்தம் கூடி, சரிவை ஊறவைத்து வழுக்கச் செய்யும். அல்லது வேறொரு பலவீனமான இடத்தைத் தேடிக்கொள்ளும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் நானும் ஒரு சிறு குளத்தில் இதே தவற்றைச் செய்திருக்கிறேன். அடைத்த இடம் மறுநாள் காய்ந்திருந்தது. அதற்கு நாலடி தள்ளி, முன்பு காய்ந்திருந்த புல்லுக்குள் கலங்கிய தண்ணீர் வந்துகொண்டிருந்தது. அடைக்க வேண்டுமானால் தண்ணீர் கட்டுக்குள் நுழையும் உட்பக்கத்தில், குளம் வற்றியிருக்கும்போது அடைக்க வேண்டும். வெளிப்பக்கத்தில் அதைத் தடையில்லாமல் வடிய விடவேண்டும்.

அப்படி வடியும்போது மண் கூட வரக்கூடாது என்பதில்தான் முழு விடயமும் தங்கியிருக்கிறது. தண்ணீர் ஒரு மண்துகளைத் தள்ளிக்கொண்டு வெளியேறினால் அந்த இடத்தில் நுண்ணிய பொந்து விழும். பொந்து விழுந்த பக்கம் தண்ணீர் இன்னும் வேகமாக வரும். வெளிவாயிலிருந்து குளத்தை நோக்கிப் பின்னோக்கி அரித்துக்கொண்டே போய் ஒரு குழாய் உண்டாகிவிடும். ஆகவே ஈரமான இடத்தின் மேல் சுத்தமான ஆற்றுமணலை ஓரடி கனத்துக்கும், அதன்மேல் முக்கால் அங்குலச் சல்லியை இன்னும் ஓரடிக்கும் பரப்பி, மேலே பாரமான கற்களை அடுக்குங்கள். மணல் மண்ணைப் பிடித்துக்கொள்ளும், சல்லி மணலைப் பிடித்துக்கொள்ளும், தண்ணீர் மட்டும் வெளியேறும். ஈர இடத்தைச் சுற்றி மூன்றடி கூடுதலாக மூடினாலும் சில கியூப் மணலிலும் சல்லியிலும் வேலை முடிந்துவிடும். மணலுக்குப் பதிலாகக் கிறவல் (சரளை மண்) கொட்டச் சொல்வார்கள். அதில் களி கலந்திருப்பதால் அதுவும் ஓர் அடைப்பாகவே முடியும்.

மாரியில் குளம் ஏறியதும் அந்தத் தண்ணீரைச் சிறு வாய்க்கால் வழியே ஒரு துண்டுக் குழாய்க்குள் விட்டு, ஐந்து லீற்றர் வாளி நிறைய எத்தனை விநாடி ஆகிறது என்று கிழமைக்கு இருமுறை பார்க்கச் சொல்லுங்கள். அன்றைய குளமட்டத்தையும் அருகிலேயே எழுதவேண்டும். மட்டம் ஏற ஏறக் கசிவு கூடுவதில் அதிசயமில்லை. மட்டம் மாறாதிருக்கக் கசிவு கூடினால்தான் யோசிக்கவேண்டும். கொழும்பிலிருக்கும் உங்களுக்கு இன்னுமொரு எளிய வழி உண்டு. அந்தத் தண்ணீரைக் கண்ணாடிக் குவளையில் எடுத்து, பின்னால் வெள்ளைத் தாளைப் பிடித்து, வாட்ஸ்அப்பில் படம் அனுப்பச் சொல்லுங்கள். தெளிவாக இருந்து, மட்டம் மாறாதபோது அளவும் கூடாதிருக்கும்வரை பெரிதாகப் பயப்படவேண்டியதில்லை. அரிசி களைந்த தண்ணீர் போலக் கலங்கி வந்தால் கட்டின் மண் கரைந்து வருகிறது என்று பொருள். அன்று மாலை வரைகூடக் காத்திருக்கக்கூடாது. துருசைத் திறந்து மட்டத்தை இறக்கவும், கலங்கல் வரும் வாயின்மேல் மணலும் சல்லியும் கொட்டவும், கீழே குடியிருப்போருக்குச் சொல்லவும், அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117ஆம் இலக்கத்துக்கு அறிவிக்கவும் வேண்டும்.

கசிவு துருசுக்கு அருகில் இருப்பது எனக்குச் சற்று உறுத்துகிறது. கட்டுக்குள் புதைத்த குழாயை ஒட்டிய மண்ணைச் சரியாக இடித்து இறுக்குவது கடினம். அதனால் தண்ணீர் பெரும்பாலும் அந்த ஓரத்தைத்தான் தேடும். குளம் இறங்கியிருக்கும் இந்த நாட்களில் குழாய்க்குள் டோர்ச் அடித்துப் பார்க்கச் சொல்லுங்கள். பொருத்துகளில் சேறு திரண்டிருந்தால் அதன் வழியே கட்டின் மண் உள்ளே இறங்குகிறது.

மண்ணின் குணத்தை வெள்ளவத்தையிலிருந்தே பார்க்கலாம். கசிந்த இடத்துக்கு அண்மையிலிருந்து மண் கொண்டுவரச் செய்து, பட்டாணி அளவு உருண்டைகளை நிழலில் உலர்த்தி, பற்றறிக்கு ஊற்றும் வடித்த தண்ணீர் உள்ள குவளையில் மெதுவாக ஒன்றை விடுங்கள். குழாய்த் தண்ணீரோ கிணற்றுத் தண்ணீரோ கூடாது. அவற்றிலுள்ள உப்புகள் விளைவை மறைத்துவிடும். உருண்டை உதிர்ந்து குவியலானால் பரவாயில்லை. அதைச் சுற்றிப் பால் போன்ற மங்கல் பரவி ஒரு மணி நேரமாகியும் அடங்காவிட்டால், அந்த மண் தண்ணீர் பட்டதும் தானாகவே பிரிந்து மிதந்து போகும் வகை. அத்தகைய மண்ணில் சிறு வெடிப்பும் பெரிய பொந்தாகும். அப்போது மேலே சொன்ன மணல் விரிப்பு மட்டும் போதாது, பொறியியலாளர் ஒருவர் நேரில் பார்த்தாகவேண்டும்.

வானில் மூட்டை அடுக்கும் யோசனையை முற்றாகக் கைவிடுங்கள். ஒரு கணக்குச் சொல்கிறேன். பத்து மீற்றர் நீளமான வானில் 60 சென்ரிமீற்றர் உயரத்துக்குத் தண்ணீர் பாய்ந்தால் விநாடிக்கு ஏறத்தாழ 7.9 கனமீற்றர் வெளியேறும். ஓரடிக்கு மூட்டை அடுக்கியதால், தண்ணீர் கட்டின் மேல்மட்டத்தைத் தொடுவதற்கு முன் 30 சென்ரிமீற்றர் உயரத்துக்குத்தான் பாயலாம் என்றால் அது 2.8 ஆகக் குறைந்துவிடும். குளத்துக்கு மழைநீர் ஓடிவரும் நிலமான நீரேந்து பகுதி ஒரு சதுர கிலோமீற்றர் என்று வைத்து, அதில் மணிக்கு 50 மில்லிமீற்றர் வீதம் மழை விடாமல் பெய்து, அதில் நாற்பது வீதம் ஓடிவந்தாலே விநாடிக்கு 5.6 கனமீற்றர் குளத்துக்குள் வரும். மூட்டையில்லாத வான் இதைத் தாங்கும். மூட்டை அடுக்கிய வான் தாங்காது, மிஞ்சிய தண்ணீர் கட்டுக்கு மேலால் போகும். மண்கட்டு அதைத் தாங்காது. உங்கள் வானின் நீளமும் நீரேந்து பகுதியின் பரப்பும் வேறாக இருக்கலாம். கணக்குப் போகும் திசை மாறாது. வானுக்குள் முளைத்த பற்றைகளையும், மீன்பிடிக்கக் கட்டிய வலைகளையும் இப்போதே அகற்றுங்கள். கட்டின் மேல்மட்டத்தைத் தண்ணீர் நிரப்பிய தெளிவான குழாயால் அளந்து, உழவு இயந்திரம் ஓடி இறங்கிய இடங்களை நிரப்புங்கள். ஒரு முழ நீளத் தாழ்வு போதும், வெள்ளம் அங்கேதான் ஏறும்.

மரத்தை இந்த ஆண்டு தொடவேண்டாம். மருத மரத்தை வெட்டி வேரை விட்டுவிட்டால் வேர் உக்கிக் கட்டுக்குள் வெற்றுவழிகள் உண்டாகும். வேரோடு தோண்டினால் அந்தக் குழியை ஆறு அங்குலப் படைகளாக நிரப்பி இறுக்க ஆறு வாரம் போதாது. அடுத்த வருடம் ஆனி, ஆடியில் குளம் வற்றியதும் செய்யுங்கள். புதிதாக முளைத்த செடிகளை மட்டும் இப்போதே பிடுங்கி, புல்லைக் கட்டையாக வெட்டி வைத்தால், கறையான் புற்றும் முள்ளம்பன்றி வளையும் கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் குளத்தின் கொள்ளளவை, பரப்பையும் ஆழத்தையும் பெருக்கி 0.4ஆல் பெருக்கும் வழமையான முறையில் கணித்தால், நிறைந்த குளத்தில் 25,000 தொன்னுக்குக் கிட்டத்தட்ட நீர் நிற்கும். பதினைந்து மீற்றருக்கு மேற்பட்ட பெரிய அணைகளைப் பார்ப்பதற்கு அதிகாரிகள் இருக்கிறார்கள். உங்கள் கட்டைப் பார்க்க நீங்களும் காணியைப் பார்ப்பவருமே இருக்கிறீர்கள். கீழ்ப்பக்கத்தில் யாருடைய வீடு, யாருடைய வயல் இருக்கிறது என்பதை எழுதி வையுங்கள். 1986 ஏப்ரல் 20 அதிகாலையில் கந்தளாய்க் குளக்கட்டு உடைந்தபோது கீழே இருந்தவர்கள் உறக்கத்தில் இருந்தார்கள்; நூற்றுக்கும் அதிகமானோர் இறந்தார்கள். வான் பாயும் இரவுகளில் கட்டில் ஒருவர் விழித்திருக்க வேண்டும் என்று நான் வற்புறுத்துவது அதனால்தான். கட்டில் பெரிய வேலை எதையும் தொடங்குமுன் உங்கள் பகுதிக் கமநல சேவை நிலையத்தில் தெரிவியுங்கள். 80 ஹெக்டெயருக்குக் குறைந்த வயல்களுக்கு நீர் தரும் சிறு குளங்கள் அவர்களுடைய பார்வையில் வருபவை.

துருசுக் கதவின் திருகைக் கடைசியாக எப்போது முழுவதும் திறந்தீர்கள் என்று உங்கள் கடிதத்தில் இல்லை. மாரிக்கு முன் கிரீஸ் பூசி, ஒருமுறை முழுதாகத் திறந்து மூடிப் பார்க்கச் சொல்லுங்கள். திருகு அசையாவிட்டால் மற்ற எல்லா வேலைகளுக்கும் முன் அதைச் சரிசெய்யுங்கள்.