கேட்டைத் தாண்டினதும் ஞாபகம் வருகிறதே!

கேள்வி: எங்களுக்குக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம். மகள் தமிழ் மீடியத்தில் பத்தாவது படிக்கிறாள், மார்ச்சில் எஸ்எஸ்எல்சி. ராத்திரி கேட்டால் பாடமெல்லாம் தண்ணி பட்ட பாடு. ஹாலில் போய் உட்கார்ந்தால் ஒரு வரி வரவில்லை என்று அழுகிறாள். வெளியே வந்து கேட்டைத் தாண்டினதும் முழுப் பதிலும் ஞாபகம் வந்துவிடுகிறதாம். ஞாபகசக்தி குறைவா? பிரம்மி மாத்திரை கொடுக்கச் சொல்கிறார்கள்.
- ஓர் அம்மா, பாலக்காடு மாவட்டம்

பதில்: கேட்டைத் தாண்டினதும் வருகிறது என்றால் உள்ளே இருந்ததால்தானே வருகிறது, சகோதரி! சொல் ஞாபகத்தை அளக்க மருத்துவர்கள் செய்கிற ஒரு சோதனை உண்டு. 15 சொற்களை ஐந்து முறை வாசித்துக் காட்டி, ஒவ்வொரு முறையும் எத்தனை நினைவிருக்கிறது என்று கேட்பார்கள், நடுவே வேறொரு பட்டியலைக் கொடுத்துக் குழப்புவார்கள், அரைமணி கழித்து மறுபடி கேட்பார்கள். ஞாபகமே பழுதானவருக்கு ஐந்து முறை கேட்டாலும் எண்ணிக்கை பெரிதாக ஏறாது. உங்கள் மகளுக்கு ஏறியிருக்கிறது, எடுக்கத்தான் முடியவில்லை.

ஜிஎஸ்டி வருவதற்கு முன்னால் தமிழ்நாடு-கேரள எல்லையில் வாளையார் செக்போஸ்ட்டில் லாரிகள் நின்ற வரிசை நினைவிருக்கிறதா? சரக்கில் குறை கிடையாது, போக வழிதான் கிடையாது. அதே கதைதான் இதுவும். ஒரு போன் நம்பரை எழுதி வைக்கிறவரைக்கும் வாய்க்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டிருப்போமே, சொல்லால் ஆன எதையும் மனசு கொஞ்ச நேரம் அப்படித்தான் பிடித்து வைக்கிறது. பேட்லி, ஹிட்ச் என்ற இரண்டு இங்கிலாந்து உளவியலாளர்கள் 1974-லேயே இதை விளக்கியிருக்கிறார்கள். வம்பு என்னவென்றால் கவலையும் சொல்லாகத்தான் வருகிறது. 'ஃபெயிலானால் அப்பா என்ன சொல்வார்', 'பக்கத்து பெஞ்சுக்காரி அதற்குள் கூடுதல் பேப்பர் வாங்கிவிட்டாளே' என்று உள்ளே ஒரு வாய் ஓயாமல் பேசிக்கொண்டிருந்தால், செய்யுளும் வரையறையும் எந்த வாயால் வெளியே வரும்?

உடம்பும் சேர்ந்துகொள்கிறது. பதறும்போது கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். 2000-ல் சுவிட்சர்லாந்தில் நடந்த ஓர் ஆய்வில், முந்தின நாள் சொற்பட்டியலைப் படித்தவர்களுக்கு, கேட்பதற்கு ஒரு மணி நேரம் முன்னால் அந்த வகை மாத்திரையைக் கொடுத்துப் பார்த்தார்கள். நினைவுகூர முடிந்த சொற்கள் குறைந்துபோயின. அதே மாத்திரையைப் படிக்கும் நேரத்தில் கொடுத்தபோது அந்தக் குறைவு தெரியவில்லை. அடி விழுவது எடுக்கிற இடத்தில்தான்.

சரி, என்ன செய்வது? ராத்திரி ஒப்பிப்பது போதாது, ஏனென்றால் அவள் படித்த சூட்டோடு, அதே வரிசையில், உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறாள். இரண்டு நாள் போகட்டும், அப்புறம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டு, நடுவிலிருந்து ஒரு கேள்வியை எடுத்து, கடிகாரம் பார்த்துத் தனியாக எழுதச் சொல்லுங்கள். முதலில் சொதப்பும், சொதப்பட்டும். 2016-ல் அமெரிக்காவின் டஃப்ட்ஸ் பல்கலைக்கழகத்தில் 120 மாணவர்களைப் பதற்றப்படுத்திச் சோதித்தபோது, திரும்பத் திரும்ப வாசித்தவர்கள் தடுமாறினார்கள், பார்க்காமல் நினைவுகூர்ந்து பழகியவர்கள் தாக்குப்பிடித்தார்கள்.

கேரளப் பரீட்சையில் எழுதத் தொடங்குமுன் கேள்வித்தாளை வாசித்துப் பார்க்க முதல் 15 நிமிடம் கூல் ஆஃப் டைம் கொடுக்கிறார்களே, மலையாளத்தில் சமாஸ்வாச சமயம், அதாவது ஆறுதல் நேரம் என்று எவ்வளவு அழகான பேர்! (எனக்கு அந்தப் பேரே பாதி மருந்து.) அதில் கஷ்டமான கேள்வியைத் தேடிக் கண்டுபிடித்துப் பயப்படுவதுதான் பிள்ளைகளின் வழக்கம். தெரிந்த ஒன்றைப் பிடித்து, அதன் முதல் வரியை மனசுக்குள் எழுதிப் பார்க்கச் சொல்லுங்கள்.

அப்புறம், பஸ் ஸ்டாப்பில் நிறுத்திக் கேள்வி கேட்கிற பழக்கம் உங்களுக்கு இருந்தால் விட்டுவிடுங்கள். நானும் என் பையனிடம் அதைச் செய்தவன்தான், அவன் பஸ் ஏறுவதற்குள்ளேயே வியர்த்துவிடுவான். தூக்கமில்லை, சாப்பிடவில்லை, பள்ளிக்கே போகமாட்டேன் என்ற அளவுக்குப் போனால் தள்ளிப்போட வேண்டாம், 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண்ணில் பேசுங்கள், காசு கிடையாது, தமிழிலும் பேசலாம். பிரம்மி மாத்திரைக்கு இப்போது அவசரமில்லை. ருசிக்காக வல்லாரைத் துவையல் அரைத்தால் எனக்கும் ஒரு பங்கு.

கேள்வி: பயம் இருந்தால்தான் படிப்பு வரும் என்கிறார் எங்கள் தாத்தா. சரியா?
- பிளஸ் டூ மாணவன், புளியரை

பதில்: பாதி சரி, தம்பி. 1908-லேயே யெர்க்ஸ், டாட்சன் என்ற இருவர் எலிகளுக்கு ஷாக் கொடுத்துப் பார்த்தார்கள். சுலபமான வேலையை ஷாக் கூடக்கூட வேகமாகக் கற்றுக்கொண்ட எலிகள், கஷ்டமான வேலையில் ஓரளவுக்கு மேல் ஷாக் போனதும் பின்தங்கின. பத்து மணிக்குத் தூங்கப் போகிறவனை எழுப்பி உட்கார வைக்கத் தாத்தாவின் அதட்டல் உதவும். இயற்பியல் கணக்கு போடும்போது அவரைப் பக்கத்து அறையில் டிவி பார்க்கச் சொல்லிவிடு.