ஒன்பது ஓட்டு கிடைக்காத போர்: ஈராக் 2003 பற்றிக் கேள்வி பதில்

சர்வதேசச் சட்டமும் ஐ.நா. நடைமுறையும் பல வருடங்கள் பாடம் எடுத்தவன் என்பதால், பேரழிவு ஆயுதம் வைத்திருக்கிறது என்று சொல்லி சதாம் உசேனின் ஈராக் மீது 2003 மார்ச்சில் அமெரிக்காவும் பிரிட்டனும் தொடுத்த போரைப் பற்றி என்னிடம் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். போர் நடந்த விதத்தைவிட, அதற்கு முந்தைய ஐந்தாறு மாதங்களில் உலக நாடுகள் ஏன் அப்படிப் பிரிந்து நின்றன என்பதுதான் பெரும்பாலானவர்களின் சந்தேகம். வந்த கேள்விகளில் சிலவற்றை இங்கே எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: ஈராக் ஆயுதங்களைக் களைந்து ஆய்வாளர்களை அனுமதிக்க வேண்டும் என்ற 1441ஆம் தீர்மானம் 2002 நவம்பர் 8 அன்று ஐ.நா. பாதுகாப்புச் சபையில் 15–0 என்று நிறைவேறியது. சிரியாகூடக் கை தூக்கியது. அப்படிப்பட்ட ஒற்றுமை நாலே மாதத்தில் எப்படி உடைந்தது சார்?

உடைவதற்கான விரிசல் தீர்மானத்துக்குள்ளேயே இருந்தது. குவைத்தை மீட்க 1990இல் போட்ட 678ஆம் தீர்மானத்தில் "தேவையான எல்லா வழிகளையும்" பயன்படுத்தலாம் என்று எழுதியிருந்தார்கள். ஐ.நா. பாஷையில் அதற்கு ராணுவம் என்று அர்த்தம், யாருக்கும் குழப்பம் கிடையாது. 1441இல் அந்த வரி இல்லை. ஈராக்குக்கு இது "கடைசி வாய்ப்பு", மீறினால் "கடுமையான விளைவுகள்" என்று மட்டும் இருந்தது. என்ன விளைவு, அதை யார் தீர்மானிப்பது என்று எழுதவில்லை. எழுதப்போனால் 15 ஓட்டு விழுந்திருக்காது.

ஓட்டெடுப்பு நடந்த அன்றே அமெரிக்கத் தூதர் நெக்ரோபோன்டே, இதில் மறைமுகமான விசை எதுவும் இல்லை, தானாகப் போர் தொடங்கிவிடாது என்று சபைக்கு உறுதி கொடுத்தார். கூடவே, சபை உறுதியாக நடந்துகொள்ளாவிட்டால் எந்த நாடும் தன் பாதுகாப்புக்காகச் செயல்படுவதை இது தடுக்காது என்றும் சொன்னார். பாரிஸ் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டது, வாஷிங்டன் இரண்டாவது பாதியை.

கேள்வி: பிரான்ஸும் ஜெர்மனியும் சதாமிடம் ஆயுதமே இல்லை என்று தெரிந்துதானே எதிர்த்தன?

இல்லை. இதைத்தான் எல்லோரும் தப்பாக நினைவில் வைத்திருக்கிறார்கள். ஏதோ ஒன்று மிச்சம் இருக்கிறது என்றுதான் கிட்டத்தட்ட எல்லா உளவுத்துறைகளும் நம்பின. ஐ.நா. ஆயுத ஆய்வுக்குழுத் தலைவர் ஹான்ஸ் பிளிக்ஸே, தன் உள்மனதுக்கும் அப்படித்தான் பட்டது என்று பிற்பாடு ஒப்புக்கொண்டார். நம்பவும் காரணம் இருந்தது. 1988இல் ஹலப்ஜாவில் விஷவாயுவால் ஆயிரக்கணக்கான குர்து மக்களைக் கொன்ற அரசு அது. அப்புறம் ஆந்த்ராக்ஸ் என்ற கொடிய நோய்க்கிருமி விஷயம். சுமார் 8,500 லிட்டர் தயாரித்ததாக ஈராக்கே சொல்லியிருந்தது. அதையெல்லாம் 1991 கோடையில் நாங்களே அழித்துவிட்டோம் என்றது. எங்கே ரசீது என்று கேட்டால் கையில் உருப்படியாக எதுவும் இல்லை.

அழித்தது உண்மைதான் என்று பிற்பாடு தெரிந்தது. ஆனால் ஆய்வாளர்கள் முன்னால் அழிக்காமல், சரியாகப் பதிவும் வைக்காமல் செய்ததால், 2002 டிசம்பரில் சுமார் 12,000 பக்க அறிக்கையைக் கொண்டுவந்து கொட்டியும் யாரும் நம்பவில்லை. இல்லை என்பதை எப்படி நிரூபிப்பது? அதோடு, இருக்கிறதோ என்ற பயம் அண்டை நாடுகளிடம் கொஞ்சம் இருந்துவிட்டுப் போகட்டும் என்று சதாமும் விட்டிருந்தார். நாயே இல்லாத வீட்டில் 'நாய் ஜாக்கிரதை' பலகை மாட்டலாமே என்று போருக்குப் பின் பிளிக்ஸ் சொன்னது இதைத்தான்.

ஆகவே ஆயுதம் உண்டா இல்லையா என்பது பெரிய சண்டையே இல்லை. நேரம் முடிந்துவிட்டது என்று அறிவிக்கும் அதிகாரம் யாருடையது என்பதுதான் சண்டை.

கேள்வி: அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் பாதுகாப்புச் சபையில் ஒரு குப்பியைத் தூக்கிக் காட்டினாரே, அதில் என்ன இருந்தது?

ஆந்த்ராக்ஸ் இல்லை, பார்வைக்கு அது மாதிரி ஏதோ ஒரு பொடி. 2003 பிப்ரவரி 5. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் அந்தச் சின்னக் குப்பியைப் பிடித்தபடி, இதைவிடக் குறைவான அளவு உறையில் வந்ததுதான் 2001இல் அமெரிக்க செனட்டை மூட வைத்தது என்றார். பின்னால் சி.ஐ.ஏ. இயக்குநர் டெனட் உட்கார்ந்திருந்தார். அன்று பவல் சொன்னதில் அதிகம் அதிர வைத்தது லாரிகளில் நகரும் கிருமி ஆயுதக் கூடங்கள் பற்றிய கதை. அதன் முக்கிய ஆதாரம் ஜெர்மனியில் தஞ்சம் புகுந்திருந்த ஒரே ஒரு ஈராக்கியர். உரைக்கு முன் அமெரிக்க உளவுத்துறை அவரை நேரில் உட்காரவைத்து விசாரிக்கவே இல்லை! சொன்னது பொய் என்று பிறகு தெரிந்தது. அந்த உரை தன் வரலாற்றில் ஒரு கறை என்று 2005இல் பவலே சொன்னார்.

சபை வாசலில் தொங்கும், போரின் கோரத்தைக் காட்டும் பிகாசோவின் 'குவெர்னிகா' ஓவியத்தின் நெசவு வடிவத்தை அந்த நாட்களில் நீலத் துணி போட்டு மூடியிருந்தார்கள். தொலைக்காட்சி கேமராக்களுக்காக என்று விளக்கம் தந்தார்கள். சரி, இருக்கட்டும்.

கேள்வி: பாதுகாப்புச் சபையில் கைதட்டினார்கள் என்று படித்தேன். அது நிஜமா?

நிஜம். பிப்ரவரி 14, பிரான்ஸ் வெளியுறவு அமைச்சர் டி வில்பன் பேசி முடித்தபோது. அங்கே கைதட்டும் வழக்கம் கிடையாது. அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ரம்ஸ்ஃபெல்ட் மூன்று வாரம் முன்னால் "பழைய ஐரோப்பா" என்று கேலி செய்திருந்தார். ஆமாம், நான் பழைய நாட்டுக்காரன்தான், போரும் ஆக்கிரமிப்பும் பார்த்த நாடு என்கிற தொனியில் டி வில்பன் முடித்தார். மறுநாள் லண்டனிலும் ரோமிலும் இன்னும் பல நூறு நகரங்களிலும் மக்கள் தெருவில் இறங்கினார்கள்.

கேள்வி: போருக்கு வழிவிடும் இரண்டாவது தீர்மானம், பிரான்ஸின் வீட்டோ எனும் தடை ஓட்டால்தானே செத்தது?

பிரிட்டிஷ் பிரதமர் பிளேர் அப்படித்தான் சொன்னார். எனக்கு உடன்பாடில்லை. தீர்மானம் நிறைவேற 9 ஓட்டு வேண்டும். அமெரிக்கா, பிரிட்டன், ஸ்பெயின், பல்கேரியா என்று நாலு பேர் கையில் இருந்தார்கள். மீதி ஐந்தை அங்கோலா, கேமரூன், கினி, சிலி, மெக்சிகோ, பாகிஸ்தான் என்ற ஆறு பேரிடமிருந்து பெற வேண்டும். எவ்வளவு நெருக்கியும் அவர்கள் பிடிகொடுக்கவில்லை. மெக்சிகோவும் சிலியும் அமெரிக்காவோடு வியாபாரத்தில் எவ்வளவு பின்னிக்கிடக்கின்றன என்று யோசித்துப் பாருங்கள், அந்தத் தயக்கத்தின் விலை புரியும். இந்த நாடுகளின் தூதர்களை ஒட்டுக்கேட்க உதவி கேட்டு அமெரிக்காவிலிருந்து பிரிட்டிஷ் உளவு அமைப்புக்கு வந்த கடிதத்தை, அங்கே மொழிபெயர்ப்பாளராக இருந்த காதரின் கன் வெளியே விட்டார். மார்ச் 2 அன்று பத்திரிகையில் வந்தது. அவர் மேல் போட்ட வழக்கை ஒரு வருடம் கழித்து அரசே கைவிட்டது.

எந்தச் சூழ்நிலையிலும் எதிர்த்தே ஓட்டுப் போடுவோம் என்று மார்ச் 10 அன்று பிரான்ஸ் அதிபர் சிராக் தொலைக்காட்சியில் சொன்னது, ஓட்டுச் சேராமல் தவித்தவர்களுக்கு வசதியாகப் போயிற்று. ஒன்பது ஓட்டு இருந்திருந்தால், வீட்டோ விழுந்தாலும் பெரும்பான்மை எங்கள் பக்கம் என்று காட்டவாவது ஓட்டுக்கு விட்டிருப்பார்கள். மார்ச் 17 அன்று விடாமலேயே சுருட்டிக்கொண்டார்கள்.

கேள்வி: துருக்கி மறுத்தது எப்படி? நேட்டோ நாடாயிற்றே.

மூன்று ஓட்டில். ஈராக்கைத் தாக்கச் சுமார் 62,000 அமெரிக்க வீரர்களைத் தன் மண்ணில் அனுமதிக்கும் தீர்மானத்துக்கு மார்ச் 1 அன்று துருக்கி நாடாளுமன்றத்தில் ஆதரவு 264, எதிர்ப்பு 250, நடுநிலை 19. ஜெயித்த மாதிரிதானே இருக்கிறது? ஆனால் அவையில் இருந்த 533 பேரில் பாதிக்கு மேல், அதாவது 267 வேண்டும். துருக்கிக் கரைக்கு வெளியே தளவாடங்களோடு காத்துக்கிடந்த கப்பல்களைக் கடைசியில் குவைத் பக்கம் திருப்ப வேண்டியதாயிற்று.

கேள்வி: சட்டப்படி அந்தப் போர் செல்லுமா? ஒரே வார்த்தையில் சொல்லுங்கள் ஐயா.

செல்லாது. 2004 செப்டம்பரில் அப்போதைய ஐ.நா. பொதுச்செயலாளர் கோஃபி அன்னானும் அதையே சொன்னார்.

ஒரே வார்த்தையோடு நிறுத்த மனசு வரவில்லை. எதிர்த்தரப்பு வாதம் இது: 1991 போர்நிறுத்தம் ஆயுதக் களைவை நிபந்தனையாக வைத்தது, ஈராக் மீறியதால் பழைய 678 மறுபடி உயிர்பெறும். பிரிட்டிஷ் அரசின் தலைமைச் சட்ட ஆலோசகரான அட்டர்னி ஜெனரல் கோல்ட்ஸ்மித் மார்ச் 7 அன்று பிளேருக்குத் தந்த நீண்ட ஆலோசனையில், இப்படி வாதிட இடமுண்டு, ஆனால் இரண்டாவது தீர்மானம்தான் பாதுகாப்பான வழி என்றார். பத்து நாள் கழித்து நாடாளுமன்றத்துக்கு வந்த சுருக்கமான பதிலில் அந்த "ஆனால்" காணாமல் போயிருந்தது. பிளேர் அமைச்சரவையிலிருந்த ராபின் குக் போரை எதிர்த்து அன்றே பதவியை விட்டு விலகினார். மறுநாள் 412–149 என்று அவை போருக்குச் சம்மதித்தது.

கேள்வி: இந்தியா என்ன செய்தது?

வாஜ்பாய் அரசு நடு வழியில் நடந்தது. போர் தொடங்கியபின் ஏப்ரலில் நாடாளுமன்றம் தீர்மானம் போட்டபோது எந்த வார்த்தை என்பதே பெரிய தகராறு. இந்தியில் 'நிந்தா' என்று வைத்தார்கள், கண்டனம் என்று எடுத்துக்கொள்ளலாம். ஆங்கில வடிவத்தில் வருத்தத்தோடு குறை சொல்கிற, சற்று மென்மையான சொல். எதிர்க்கட்சிகளும் சமாதானம், வாஷிங்டனும் முகம் சுளிக்காது. ஜூலையில் ஈராக்குக்குப் படை அனுப்பும்படி அமெரிக்கா கேட்டதற்கு, ஐ.நா. ஆணை இல்லாமல் முடியாது என்று சொல்லிவிட்டார்கள்.

கேள்வி: இன்னும் சில மாதம் பொறுத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்?

மார்ச் 7 அன்று பிளிக்ஸ் கேட்டது அதைத்தான்: வருடங்கள் வேண்டாம், வாரங்கள் போதாது, மாதங்கள் வேண்டும். அப்போது அல் சமூத் 2 ஏவுகணைகளை ஈராக் நொறுக்கிக்கொண்டிருந்தது. அனுமதித்த தூரம் 150 கி.மீ., சோதனையில் அது 183 வரை போயிருந்தது. அன்றுவரை 34 ஏவுகணைகளைக் கனரக வண்டி ஏற்றித் தகரமாக்கியிருந்தார்கள். பல்குத்தும் குச்சியை உடைப்பதை நாங்கள் வேடிக்கை பார்க்கவில்லை என்றார் பிளிக்ஸ். அதே கூட்டத்தில், ஆப்பிரிக்க நாடான நைஜரிலிருந்து ஈராக் யுரேனியம் வாங்க முயன்றதாகக் காட்டிய காகிதங்கள் போலி என்று சர்வதேச அணுசக்தி முகமையின் தலைவர் எல்பரடேய் போட்டு உடைத்தார்.

எதிர்ப்பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். எல்லையில் பெரும்படை குவியாமல் இருந்திருந்தால் சதாம் ஆய்வாளர்களை உள்ளேயே விட்டிருக்க மாட்டார். பிளிக்ஸும் இதை மறுக்கவில்லை. படையைக் காட்டினால்தான் ஆய்வு நடக்கும், ஆனால் அந்தப் படையைப் பாலைவன வெயிலில் மாதக்கணக்கில் உட்காரவைக்க முடியாது. கழுத்தில் கத்தி வைத்தால்தான் பேசுகிறான், கையோ வலிக்கிறது என்கிற நிலைமை. பிரான்ஸ் நேரம் கேட்டது, அந்தக் கத்தியைப் பிடித்து நிற்கும் செலவில் பங்கு கேட்கவில்லை. என் அனுதாபம் பிளிக்ஸ் பக்கம்தான் என்றாலும், பாரிஸின் இந்த ஓட்டையை மறைக்க மாட்டேன்.

கேள்வி: அந்த ஆய்வாளர்கள் கடைசியில் என்ன ஆனார்கள்?

மார்ச் 18 அன்று விமானம் ஏறினார்கள். 20 அன்று குண்டு விழத் தொடங்கியது. பாக்தாத் வீழ்ந்தபின் அவர்களைத் திரும்ப விடவில்லை. அமெரிக்கா தன் சொந்தக் குழுவை இறக்கித் தேடியது. சேமிப்பில் வைத்த பேரழிவு ஆயுதம் எதுவும் இல்லை என்று 2004இல் அதன் இறுதி அறிக்கை வந்தது. ஐ.நா. ஆய்வு அமைப்பு மட்டும் நியூயார்க்கில் காகிதங்களோடு இயங்கிக்கொண்டே இருந்தது. 2007 ஜூன் 29 அன்று 1762ஆம் தீர்மானம் போட்டு மூடினார்கள். ஆதரவு 14. ரஷ்யா மட்டும் ஓட்டுப் போடாமல் உட்கார்ந்திருந்தது. ஆயுதங்கள் குறித்துச் சபைக்கு முறையான பதில் இன்னும் வரவில்லையே என்பது அதன் ஆட்சேபம்.