தபால் வழியில் உளவியல் பட்டம்: பணம் கட்டுவதற்கு முன்

கேள்வி: வேலைக்குப் போய்க்கொண்டே பி.எஸ்சி. உளவியல் படிக்க ஆசை. தொலைதூரக் கல்வியில் இடம் இருப்பதாகவும் உடனே முன்பணம் கட்டும்படியும் ஒரு அட்மிஷன் சென்டரில் சொல்கிறார்கள். கட்டலாமா? (வாசகி, திருப்பூர்)

பதில்: கட்டாதீர்கள். 2025 ஜூலை-ஆகஸ்ட் பருவத்திலிருந்து உளவியலைத் தொலைதூர வழியிலும் ஆன்லைனிலும் நடத்தக் கூடாது என்று யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) முடிவெடுத்துவிட்டது. 2025 ஜூலை 23 அன்று நடந்த அதன் 592-வது கூட்டத்தில் இது உறுதியானது. அந்தப் பருவத்துக்கு ஏற்கெனவே தரப்பட்டிருந்த அனுமதியும் திரும்பப் பெறப்படும் என்று பல்கலைக்கழகங்களுக்குத் தெரிவிக்கப்பட்டது.

காரணம் 2021-ல் வந்த துணை மருத்துவ மற்றும் சுகாதாரத் தொழில்கள் தேசிய ஆணையச் சட்டம். அதன் அட்டவணையில் உளவியலாளரும் இருக்கிறார். அந்தச் சட்டப்படி சுகாதாரத் தொழில் பட்டம் என்றால் குறைந்தது 3,600 மணி நேரப் படிப்பும் பயிற்சியும் வேண்டும். வீட்டுக்குப் புத்தகம் அனுப்பி, சில ஞாயிற்றுக்கிழமைகளில் வகுப்பு எடுத்தால் அந்தக் கணக்கு நிறையாது. உளவியலோடு நுண்ணுயிரியல், உயிரித் தொழில்நுட்பம், உணவு மற்றும் ஊட்டச்சத்து அறிவியல் போன்றவையும் நின்றன.

பல பாடங்களில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் பி.ஏ. திட்டத்தில் உளவியல் என்ற தேர்வு மட்டும் போகும். வரலாறு, பொருளாதாரம் போன்றவை தொடரும். விற்பவர்கள் நுழைவது இந்த இடைவெளியில்தான். "பி.ஏ. படிப்புக்கு அனுமதி இருக்கிறது, பாருங்கள்" என்று பட்டியலைக் காட்டுவார்கள். பி.ஏ. இருக்கும், அதில் உளவியல் இருக்காது. பல்கலைக்கழகத்தின் பெயரோடு நிறுத்திவிடாமல் எந்தப் பாடம், எந்தப் பருவம், தொலைதூரமா ஆன்லைனா என்ற மூன்றையும் யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவுத் தளத்தில் நீங்களே பாருங்கள்.

இன்னொரு வலை, "2024 பேட்ச்சில் போட்டுத் தருகிறோம்" என்பது. தொலைதூர, ஆன்லைன் படிப்புகளில் சேர இப்போது டெப் ஐடி (யுஜிசியின் தொலைதூரக் கல்விப் பிரிவு தரும் மாணவர் எண்) கட்டாயம். முதலில் டிஜிலாக்கர் வழியாக ஏபிசி (மதிப்பெண் கிரெடிட்டுகளைச் சேமிக்கும் கல்வி வங்கி) கணக்கு, அதை வைத்து டெப் ஐடி, பிறகுதான் பல்கலைக்கழக விண்ணப்பம். முன்தேதியிட்ட சேர்க்கைக்கு இதில் நேர்மையான வழி கிடையாது. வேறு பாடத்தில் சேர்ந்தாலும் இந்த ஐடியை உங்கள் கைபேசி எண்ணில் நீங்களே உருவாக்குங்கள். தரகர் எண்ணைக் கொடுத்தால் ஓடிபி எல்லாம் அவருக்குத்தான் போகும். பிறகு ஹால் டிக்கெட் எடுக்கக்கூட அவரிடம் கையேந்த வேண்டும். பெயர் ஆதாரில் உள்ளபடி இருக்கட்டும். இனிஷியல் ஒரு ஆவணத்தில் முன்னாலும் மற்றொன்றில் பின்னாலும் இருந்தால் முதலில் அதைச் சரிசெய்யுங்கள்.

கேள்வி: நான் ஏற்கெனவே கட்டிவிட்டேன். ரசீது சென்டரின் பெயரில் இருக்கிறது, பல்கலைக்கழகத்தின் பெயரில் இல்லை. கேட்டால் "நான்-ரீஃபண்டபிள், திருப்பித் தர முடியாது" என்கிறார்கள். (வாசகர், மதுரை)

பதில்: ரசீது சென்டரின் பெயரில் இருப்பது ஒரு வகையில் உங்களுக்கு நல்லது. பல்கலைக்கழகம் மீது நுகர்வோர் வழக்குப் போட்டால், கல்வி அந்தச் சட்டத்தின் கீழ் வருமா என்ற வாதத்திலேயே காலம் போகும். தேர்வு நடத்துவது சேவை ஆகாது என்று உச்ச நீதிமன்றத் தீர்ப்புகள் உண்டு. பணம் வாங்கிய தரகரின் நிலை வேறு. நடத்த முடியாத படிப்பைக் காட்டி வாங்கியது நியாயமற்ற வணிக நடைமுறை என்று நேராகச் சொல்லலாம், "திருப்பித் தர மாட்டோம்" என்று ரசீதில் அச்சடித்திருந்தாலும்.

ரசீது, வங்கிப் பரிவர்த்தனை, வாட்ஸ்அப் உரையாடல், விளம்பரத்தின் படம் ஆகியவற்றை உடனே எடுத்து வையுங்கள். உளவியல் என்ற சொல் எழுத்தில் இருக்கும் உரையாடல்தான் மிக முக்கியம்; வாய்ப்பேச்சு நிற்காது. 15 நாள் கெடு கொடுத்து சேர்ந்ததற்கான சான்றுடன் ஸ்பீட் போஸ்டில் கடிதம் அனுப்புங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண். பல பேர் அங்கேயே பணத்தை எடுத்துவிடுகிறார்கள். அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கட்டிய தொகை 5 லட்சம் வரை என்றால் கட்டணம் இல்லை. சென்டர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே தொடுக்கலாம். 2 ஆண்டுக்குள் தொடுக்க வேண்டும். அசல் மதிப்பெண் சான்றிதழையும் அவர்களிடம் கொடுத்திருந்தால் பணத்தோடு அதையும் அதே கடிதத்தில் கேளுங்கள்.

கேள்வி: தடைக்கு முன்பே சேர்ந்தவன். பட்டம் செல்லுமா? செய்முறை வகுப்பே நடத்தாமல், எழுதி முடித்த ரெக்கார்டு நோட்டை விலைக்குத் தருகிறார்கள். வாங்கலாமா? (வாசகர், சேலம்)

பதில்: நீங்கள் சேர்ந்த பருவத்துக்கு அந்தப் படிப்புக்கு அனுமதி இருந்திருந்தால் செல்லும். தடை புதிய சேர்க்கைக்குத்தான். அந்தப் பருவத்தின் அனுமதிப் பட்டியலை இப்போதே இறக்கி மதிப்பெண் பட்டியலோடு வைத்துக்கொள்ளுங்கள், வேலைக்குப் போகும்போது கேட்பார்கள்.

நோட்டை வாங்காதீர்கள். நேர்மையைவிட இங்கே வாய்மொழித் தேர்வுதான் உதைக்கும். முல்லர்-லையர் சோதனையையே எடுத்துக்கொள்ளுங்கள்; சம நீளமுள்ள இரண்டு கோடுகள் முனைகளில் உள்ள குறிகளால் வேறு வேறு நீளமாகத் தோன்றும் மாயை அது. அம்புக்குறிக் கோட்டையும் இறகுக்குறிக் கோட்டையும் சமமாகத் தோன்றும்வரை நகர்த்தி, பிழையை மில்லிமீட்டரில் குறிக்க வேண்டும். பாதி முயற்சிகளில் நீளத்திலிருந்து குறைத்தும் பாதியில் குறைவிலிருந்து கூட்டியும் வர வேண்டும். இடம் வலம் மாற்றியும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் நகர்த்தும் திசையும் வைத்த பக்கமும் தரும் பிழை, மாயைத் தோற்றத்தின் அளவோடு கலந்துவிடும். "ஏன் மாற்றி மாற்றி வைத்தீர்கள்?" என்பதுதான் தேர்வாளரின் முதல் கேள்வி. விலைக்கு வாங்கிய நோட்டுகளில் பத்துப் பேருக்கும் ஒரே எண்கள் இருப்பதையும் அவர் பார்ப்பார்.

வகுப்பு நடத்தவில்லை என்று தேதி குறிப்பிட்டுப் பல்கலைக்கழகத் தொலைதூரக் கல்வி இயக்குநருக்கு எழுதுங்கள். நகலை யுஜிசியின் இ-சமாதான் என்ற குறைதீர்ப்புத் தளத்தில் பதியுங்கள்.

கேள்வி: தொலைதூரத்தில் முடியாது என்றால் எனக்கு வேறு என்ன வழி? படித்து முடித்து கிளினிக் வைக்கலாமா? (வாசகி, தஞ்சாவூர்)

பதில்: முதலில் கிளினிக் பற்றி. 2017 மனநலப் பராமரிப்புச் சட்டப்படி மருத்துவ உளவியலாளர் என்பவருக்கு இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் ஏற்ற மருத்துவ உளவியல் தகுதி வேண்டும், அல்லது உளவியல் முதுகலையும் அதன் மேல் அந்தக் கவுன்சில் ஏற்ற இரண்டு ஆண்டு முழுநேர எம்.ஃபில்-உம் வேண்டும். இளங்கலையை மட்டும் வைத்து அந்தப் பெயரில் பலகை மாட்ட முடியாது, அது ரெகுலரில் வாங்கிய பட்டமாக இருந்தாலும்.

அந்தத் தொழில்தான் குறி என்றால் ரெகுலர் கல்லூரியில் சேருங்கள். மாலை ஷிஃப்ட் உள்ள கல்லூரிகளையும் விசாரியுங்கள். ஆர்வத்துக்காக என்றால் மத்திய அரசின் ஸ்வயம் என்ற ஆன்லைன் பாடத் தளத்தில் உளவியல் பாடங்களை இலவசமாகப் படிக்கலாம். தேர்வுக்கு மட்டும் கட்டணம். அது பட்டம் ஆகாது. தொலைதூரத்தில் சமூகவியல் போல வேறு பட்டம் முடித்து, பிறகு ரெகுலர் எம்.எஸ்சி. உளவியல் போகலாம் என்பதும் சிலர் சொல்லும் வழி. "எந்தப் பட்டமும் போதும்" என்று சில கல்லூரிகளில் இருக்கிறது, சிலவற்றில் இளங்கலையில் உளவியல் கேட்கிறார்கள். குறிவைத்த கல்லூரியின் தகுதி விதியை எழுத்தில் வாங்கிய பிறகே அந்த மூன்று ஆண்டைத் தொடங்குங்கள்.