பெண் கியூரேட்டர்கள் (படைப்புகளைத் தேர்ந்து, சேகரித்து, காட்சிக்கு வைப்பவர்கள்) புகைப்பட, சமகாலக் கலை நிறுவனங்களை உண்மையில் எந்த அளவுக்கு மாற்றினார்கள்?

எத்தனை கண்காட்சி நடத்தினார்கள் என்று எண்ணி இதை அளக்க முடியாது. கண்காட்சி சில மாதங்களில் சுவரைவிட்டு இறங்கிவிடும். எதை வாங்குவது, எப்படிப் பதிவது, எதற்குப் பணம் ஒதுக்குவது என்று ஒரு கியூரேட்டர் போட்டுவைக்கும் வழக்கம்தான் அவர் போன பிறகும் நிற்கும்.

நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகத்தில் புகைப்படப் பிரிவு 1940-இல் தொடங்கியது. அதன் கியூரேட்டர் பியூமான்ட் நியூஹால் போர்ப் பணிக்குப் போனதும் அவருடைய மனைவி நான்சி நியூஹால் அந்தப் பிரிவை நடத்தினார். 1945-இல் அமெரிக்கப் புகைப்படக் கலைஞர் பால் ஸ்ட்ராண்டின் பெரிய கண்காட்சியை அமைத்தவர் அவர்தான். பதவி மட்டும் கடைசிவரை தற்காலிகம். லண்டனில் சூ டேவிஸ் 1971-இல் புகைப்படத்துக்கென்றே ஒரு பொதுக் கலைக்கூடம் திறந்தார்.

என் பார்வையில் மிக ஆழமான வேலை ஆன் வில்க்ஸ் டக்கருடையது. அமெரிக்காவின் ஹூஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் 1976-இல் கிட்டத்தட்ட ஒன்றுமில்லாமல் தொடங்கி, 2015-இல் ஓய்வு பெறும்போது சுமார் 30,000 படங்கள் சேர்த்திருந்தார். 2003-இல் ஜப்பானியப் புகைப்பட வரலாற்றையே ஒரு கண்காட்சியாக்கினார். பாரிஸ், நியூயார்க் தாண்டியும் வரலாறு உண்டு என்பதை வாதமாகச் சொல்லிக்கொண்டிருக்காமல் சேகரிப்பாகவே காட்டிவிட்டார்.

சேகரிப்பில் தவறு நுழைவது பதிவேட்டில்தான். ஒரு பிரிண்ட் வந்ததும் பின்பக்கத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும்: பென்சில் குறிப்பு, முத்திரை, எடிஷன் எண் (மொத்தப் பிரதிகளில் இது எத்தனையாவது என்பது). நெகட்டிவ் எடுத்த ஆண்டும் பிரிண்ட் போட்ட ஆண்டும் தனித்தனிக் கட்டங்கள். 1930-இல் எடுத்து 1975-இல் பிரிண்ட் போட்டதை வெறும் '1930' என்று பதிந்தால் தாளின் வயது, விலை, பராமரிப்பு மூன்றுமே பிசகும். முத்திரையில் இருப்பது கணவர் பெயராகவோ ஸ்டூடியோ பெயராகவோ இருக்கலாம். அதை அப்படியே 'எடுத்தவர்' கட்டத்தில் ஏற்றினால் அந்தப் பெண் எந்தத் தேடலிலும் சிக்க மாட்டார், எந்தக் கண்காட்சிக்கும் தேர்வாக மாட்டார். புகைப்படக் கலைஞர் லூசியா மொஹோலி ஜெர்மனியின் பாவ்ஹவுஸ் கலைப் பள்ளியில் எடுத்த கண்ணாடி நெகட்டிவ்கள் அந்தப் பள்ளியின் நிறுவனர் வால்டர் குரோப்பியஸ் கையில் இருந்தன; மொஹோலியின் பெயர் இல்லாமலே அந்தப் படங்கள் பல ஆண்டுகள் அச்சாயின. அதனால் எடுத்தவர், பிரிண்ட் போட்டவர், ஸ்டூடியோ மூன்றையும் பிரித்து எழுதி, ஒவ்வொன்றுக்கும் ஆதாரத்தையும் பக்கத்திலேயே குறிக்க வேண்டும். பணமும் அப்படித்தான்: பல வகை வண்ணப் பிரிண்டுகளின் சாயம் இருட்டிலும் மங்கும், ஆகவே குளிர் அறைக்கு ஒதுக்காமல் அத்தகைய வண்ணப் படம் வாங்குவது வீண்.

சமகாலக் கலையில் சேகரிப்பு என்ற எண்ணத்தையே மாற்றியவர்கள் உண்டு. நியூயார்க்கின் விட்னி அருங்காட்சியகத்தில் வேலை போன மார்ஷா டக்கர் 1977-இல் அதே நகரில் நியூ மியூசியம் என்ற சமகாலக் கலை அருங்காட்சியகத்தைத் தொடங்கினார். படைப்புகளைக் குறிப்பிட்ட காலம் வைத்திருந்து, விற்று, அந்தப் பணத்தில் புதியவை வாங்குவது அவர் திட்டம். நைஜீரியாவின் லாகோஸில் கியூரேட்டர் பிசி சில்வா 2007-இல் தொடங்கிய சமகாலக் கலை மையத்துக்கு உயிர்நாடி நூலகமும் பயிற்சியும்.

ஒரு நிறுவனம் மாறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டுமா? கடந்த 10 ஆண்டுகளில் சேர்ந்த படைப்புகளின் பட்டியலை எடுத்து, நன்கொடையாக வந்தவற்றை ஒதுக்கிவிட்டு, சொந்தப் பணத்தில் வாங்கியவற்றில் பெண்களுடையவை எத்தனை என்று எண்ணுங்கள்.