டைம்ஷேர் வைத்திருப்பவர்களுக்குத் தரப்படும் தீம் பார்க் டிக்கெட் சலுகைகளால் உண்மையிலேயே லாபம் உண்டா?

கேள்வி கேட்டவருக்கு அமெரிக்காவின் ஃபுளோரிடாவில், ஆர்லாண்டோ பக்கம், ஒரு ரிசார்ட்டில் ஆண்டுக்கு ஒரு வாரம் தங்கும் உரிமை, அதாவது டைம்ஷேர், இருக்கிறது. பள்ளி விடுமுறையில் இரண்டு குழந்தைகளுடன் முதல் முறையாகப் போகிறார். “உரிமையாளர்களுக்கு மட்டும்” என்ற தலைப்போடு டிஸ்னி, யுனிவர்சல் டிக்கெட்டுகளுக்கான சலுகைக் கடிதம் ஒன்று ரிசார்ட்டிலிருந்து வந்திருக்கிறது. அதை நம்பி வாங்கலாமா என்று கேட்டிருக்கிறார்.

நாங்களும் ஆர்லாண்டோவை அடுத்த கிஸ்ஸிமி பக்கம் பதினோரு ஆண்டுகளாக டைம்ஷேர் வைத்திருக்கிறோம். ஆறு முறை போய் வந்திருக்கிறோம். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: டிஸ்னியின் சொந்த டைம்ஷேர் திட்டமான டிஸ்னி வெகேஷன் கிளப்பின் உறுப்பினர்களைத் தவிர மற்ற உரிமையாளர்களுக்கு இந்தச் சலுகைகளால் பெரிய பயன் எதுவும் இல்லை. சில சலுகைகள் நமக்கு நஷ்டத்தையே தருகின்றன. முதலிலேயே இதை யாராவது எங்களுக்குச் சொல்லியிருந்தால் 2019ஆம் ஆண்டுப் பயணத்தில் ஒரு முழுக் காலைப்பொழுதை இழந்திருக்க மாட்டோம்.

சலுகை என்ற ஒரே பெயரில் இரண்டு வெவ்வேறு விஷயங்கள் நம் கைக்கு வருகின்றன. ஒன்று, ரிசார்ட்டோ நம் வாரத்தை மாற்றிக்கொள்ள உதவும் பரிமாற்ற நிறுவனமோ சற்று விலை குறைத்து விற்கும் டிக்கெட். இன்னொன்று, டைம்ஷேர் விற்பனைக் கூட்டத்தில் வந்து உட்கார்ந்தால் இலவசமாகவோ பாதி விலைக்கோ தருவதாகச் சொல்லும் டிக்கெட். உங்கள் கடிதத்தில் எது இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். அடியில் பொடி எழுத்தில் “90 நிமிடம்” அல்லது “120 நிமிடம்” என்று எங்காவது இருந்தால் அது இரண்டாவது வகை.

முதல் வகையை எடைபோடக் கொஞ்சம் கணக்குப் போட்டால் போதும். டிஸ்னி வேர்ல்டின் டிக்கெட் விலை 2018 அக்டோபரிலிருந்து தேதிக்குத் தேதி மாறுகிறது. பூங்காவின் தளத்தில் முதலில் கண்ணில் படுவது பெரும்பாலும் வரி சேராத விலைதான். டிஸ்னி வேர்ல்ட் இருக்கும் ஆரஞ்சு கவுண்டியின் (மாவட்டத்தின்) விற்பனை வரி 6.5 சதவீதம். உதாரணத்துக்கு, நீங்கள் போகும் தேதியில் நான்கு நாள் டிக்கெட் 500 டாலர் என்று வைத்துக்கொள்வோம். வரியோடு 532.50 டாலர் ஆகிறது. ரிசார்ட்டின் மேசையில் “உரிமையாளருக்கு ஐந்து சதவீதம் தள்ளுபடி” என்கிறார்கள். 475 டாலருடன் வரி சேர்ந்து 505.88 ஆகிறது. கேட்கும்போது நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் டிஸ்னியின் அங்கீகாரம் பெற்ற மறுவிற்பனையாளர்கள் பலர் வரி உட்பட ஒரே விலையாகப் போடுகிறார்கள். அந்த விலை 500 என்றால் எந்த டைம்ஷேரும் இல்லாத ஒருவர் உங்களைவிட ஆறு டாலர் குறைவாகக் கொடுத்து உள்ளே போகிறார். நால்வருக்கு 24 டாலர். தொகை சிறியதுதான். ஆனாலும் ஆண்டுதோறும் ஆயிரம் டாலருக்கு மேல் பராமரிப்புக் கட்டணம் கட்டும் நமக்கு உரிமையாளர் என்பதற்காகத் தரப்படும் தள்ளுபடி ஊரில் எவருக்கும் கிடைக்கும் விலையைவிடக் கூடுதலாக இருப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒவ்வொரு முறையும் இப்படித்தான் என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு முறை பரிமாற்ற நிறுவனத்தின் உறுப்பினர் தளத்தில் யுனிவர்சல் டிக்கெட் வேறெங்கும் கிடைத்ததைவிடக் குறைவாக இருந்தது; அதையே வாங்கினோம். அதனால் அதே தேதி, அதே எண்ணிக்கை நாட்கள், அதே வகை டிக்கெட்டை மூன்று இடங்களில் போட்டு, பணம் கட்டுவதற்கு முந்தைய பக்கம் வரை போய், வரியும் சேவைக் கட்டணமும் சேர்ந்த கடைசித் தொகையை மட்டும் ஒப்பிடுங்கள். அரை மணி நேரம் ஆகும். மேசையில் இருப்பவர் காட்டும் அச்சிட்ட விலைப்பட்டியலை வைத்து ஒருபோதும் முடிவு செய்யாதீர்கள்.

வகை என்று ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், யுனிவர்சலில் இரண்டு பூங்காக்களுக்கு இடையே ஓடும் ஹாக்வார்ட்ஸ் எக்ஸ்பிரஸ் ரயிலில் ஏற இரண்டு பூங்காக்களுக்கும் ஒரே நாளில் செல்லும் டிக்கெட் வேண்டும். மலிவாகக் கிடைப்பது பெரும்பாலும் நாளுக்கு ஒரு பூங்கா டிக்கெட். குழந்தைகள் அந்த ரயிலுக்காகவே வருகிறார்கள் என்றால் வாசலில் நின்று கூடுதல் பணம் கட்ட வேண்டியிருக்கும். 2025 மே மாதம் திறந்த யுனிவர்சலின் புதிய பூங்காவான எபிக் யுனிவர்ஸ் உங்கள் டிக்கெட்டில் அடங்குகிறதா என்பதையும் எழுத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இனி இரண்டாவது வகை. இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்ல இருக்கிறது.

2019இல் நாங்கள் போய் இறங்கியபோது அறைச் சாவியை ஒரு மேசையில் கொடுத்தார்கள். வண்டிக்கான பார்க்கிங் அட்டையை வாங்கப் பக்கத்து மேசைக்குப் போகச் சொன்னார்கள். அங்கே இருந்த பெண் மிகவும் அன்பாகப் பேசினார். உரிமையாளர்களுக்கான தகவல் கூட்டம் ஒன்று மறுநாள் காலை நடக்கிறது, 90 நிமிடம்தான், காலை உணவும் உண்டு, முடிந்ததும் டிஸ்னி வேர்ல்டின் மேஜிக் கிங்டம் பூங்காவுக்கு ஒரு நாள் டிக்கெட் இரண்டு தருவோம் என்றார். கணவனும் மனைவியும் சேர்ந்து வர வேண்டும் என்பது நிபந்தனை. திரும்பத் தருவதாகச் சொல்லிக் கிரெடிட் கார்டில் சிறு முன்பணமும் பிடித்தார்கள். ஏற்கெனவே உரிமையாளர்களாக இருப்பதால் எங்களிடம் எதையும் விற்க மாட்டார்கள் என்று நினைத்து ஒப்புக்கொண்டோம்.

ஒன்பது மணிக்கு உள்ளே போனோம். தகவல் என்று சொன்னது பத்து நிமிடத்தில் முடிந்துவிட்டது. அதன் பிறகு நடந்ததெல்லாம் விற்பனை. எங்கள் வாரத்தைக் கொடுத்துவிட்டுப் குறிப்பிட்ட வாரத்துக்குப் பதில் பாயிண்ட்களைச் செலவிட்டுத் தங்கும் பாயிண்ட் திட்டத்துக்கு மாற வேண்டும், மாறாவிட்டால் பராமரிப்புக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும் என்றார்கள். வேண்டாம் என்றதும் மேலாளர் வந்தார். அவரிடமும் வேண்டாம் என்றோம். இன்னும் குறைந்த விலையோடு மூன்றாவதாக ஒருவர் வந்தார். பத்தரை மணிக்கு முடிந்திருக்க வேண்டியது, டிக்கெட் உறையைக் கையில் வாங்கும்போது ஒரு மணி. குழந்தைகள் இருவரும் விளையாட்டு அறையில் காத்திருந்தார்கள். “அப்பா, இன்றைக்குப் போகவே மாட்டோமா?” என்று என் மகள் கேட்டது இன்னும் என் காதில் இருக்கிறது.

அந்த நான்கு மணி நேரத்துக்கு என்ன விலை என்று யோசியுங்கள். பூங்கா திறந்த முதல் ஓரிரு மணி நேரத்தில்தான் வரிசைகள் குறைவாக இருக்கும். காலையில் பத்து, இருபது நிமிடம் நிற்கும் சவாரிக்கு மதியத்தில் ஒரு மணி நேரம் நிற்க வேண்டியிருக்கும். நால்வர் ஒரு நாளைக்கு ஐந்நூறு டாலருக்கு மேல் கொடுத்துப் போகும் இடத்தில் அந்த நாளின் நல்ல பாதியை விற்றுத்தான் அந்த இரண்டு டிக்கெட்டையும் வாங்கினோம்.

அந்த டிக்கெட்டுகளின் மதிப்பும் நாங்கள் நினைத்தது இல்லை. டிஸ்னியில் நாட்கள் கூடக் கூட ஒரு நாளுக்கான விலை குறைந்துகொண்டே வரும். முதல் இரண்டு மூன்று நாட்கள்தான் விலை அதிகம். நான்காவது, ஐந்தாவது நாளைச் சேர்க்க ஆகும் கூடுதல் தொகை, ஒரு நாள் டிக்கெட்டைத் தனியாக வாங்கும் விலையைவிடக் குறைவாகவே இருக்கும். நாங்கள் எப்படியும் நான்கு நாள் டிக்கெட் வாங்குவதாக இருந்தோம். இரண்டு ஒரு நாள் டிக்கெட் இலவசமாக வந்ததால், எங்களில் இருவருக்கு மட்டும் நான்கு நாளுக்குப் பதில் மூன்று நாள் டிக்கெட் போதும் என்று ஆயிற்று. அப்படியானால் மிச்சம் எவ்வளவு? நான்கு நாள் விலைக்கும் மூன்று நாள் விலைக்கும் உள்ள இடைவெளி, அதுவும் இருவருக்கு மட்டும். டிக்கெட்டின் மேல் அச்சிட்டிருந்த விலைக்கும் எங்களுக்கு உண்மையில் மிச்சமானதற்கும் ஏணி வைத்தாலும் எட்டாது. கூட்டத்துக்கு அழைப்பவர்கள் அச்சிட்ட விலையைத்தான் சொல்வார்கள். உங்கள் திட்டத்தில் அது எந்த நாளுக்கு மாற்றாக வருகிறது, அந்த நாளின் கூடுதல் விலை என்ன என்று மட்டும் பாருங்கள். இதைப் புரிந்துகொண்ட பிறகு நாங்கள் எந்தக் கூட்டத்துக்கும் போகவில்லை.

இன்னொரு இழப்பும் உண்டு. அங்கே போய் இறங்கிய பிறகு கையில் கிடைக்கும் டிக்கெட்டால் முன்கூட்டி எதையும் பதிவு செய்ய முடியாது. அன்று, நீண்ட வரிசையில் நிற்காமல் சவாரிக்கு நேரத்தை முன்பதிவு செய்யும் ஃபாஸ்ட்பாஸ் பிளஸ் இருந்தது. டிஸ்னி விடுதிகளுக்கு வெளியே தங்குபவர்கள் 30 நாட்களுக்கு முன்பே நேரத்தைப் பிடித்து வைக்கலாம். ஆனால் டிக்கெட் முன்பே நம் டிஸ்னி கணக்கில் இணைந்திருக்க வேண்டும். 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கும், இதே வேலைக்குப் பணம் கட்டி வாங்கும் லைட்னிங் லேன் மல்டி பாஸிலும் நிலைமை ஏறக்குறைய அதுதான். டிஸ்னி விடுதிகளில் தங்குபவர்கள் ஏழு நாட்களுக்கு முன்பே அதை வாங்கிச் சவாரிகளைத் தேர்ந்தெடுக்கிறார்கள். வெளியே டைம்ஷேரில் தங்கும் நமக்கு மூன்று நாள் அவகாசம்தான். பரிசு டிக்கெட்டுக்காகக் காத்திருந்தால் அந்த மூன்று நாளும் போய்விடும். கூட்டம் மிகுந்த சவாரிகளில் நல்ல நேரங்களை மற்றவர்கள் எடுத்திருப்பார்கள். பள்ளி விடுமுறையில் போகும் உங்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை.

சரி, டிஸ்னி வெகேஷன் கிளப்பை ஏன் விலக்கிச் சொன்னேன்? 1991இல் தொடங்கிய அந்தத் திட்டம் டிஸ்னியே நடத்தும் டைம்ஷேர். அதில் இருப்பவர்களுக்கு ஆண்டு பாஸில் உண்மையான சலுகை இருக்கிறது. 2021 செப்டம்பரில் புதிய பாஸ்கள் வந்தபோது யாரும் வாங்கக்கூடிய இன்கிரெடி பாஸின் விலை 1,299 டாலர். ஃபுளோரிடா வாசிகளுக்கும் கிளப் உறுப்பினர்களுக்கும் மட்டுமான சோர்சரர் பாஸின் விலை 899. ஒருவருக்கு 400 டாலர் வித்தியாசம். விலைகள் பிறகு ஏறிவிட்டன. ஆனாலும் எங்கள் நண்பர் குடும்பம் ஒன்று இதை அழகாகப் பயன்படுத்துகிறது. முதல் ஆண்டு நவம்பர் நடுவிலும் அடுத்த ஆண்டு அதைவிட ஒரு வாரம் முன்னதாகவும் போகிறார்கள். பாஸ் தொடங்கிய நாளிலிருந்து ஓராண்டு செல்லும் என்பதால் ஒரே பாஸில் இரண்டு விடுமுறை முடிகிறது. நன்றி நவிலல் வாரத்திலும் கிறிஸ்துமஸ் சமயத்திலும் அந்த பாஸ் செல்லாது என்பதை மட்டும் மனத்தில் வைக்க வேண்டும். உறுப்புரிமையை மறுவிற்பனையில் வாங்கியவர்கள் கவனியுங்கள்: 2016 ஏப்ரல் 4ஆம் தேதிக்குப் பிறகு அப்படி வாங்கியவர்களுக்கு, டிஸ்னியிடம் நேரடியாகக் குறிப்பிட்ட அளவு பாயிண்ட் வாங்கியிருந்தாலொழிய, இந்த உறுப்பினர் சலுகைகள் கிடையாது. மலிவாகக் கிடைக்கிறதே என்று மறுவிற்பனையில் வாங்கிவிட்டுப் பிறகு பாஸுக்குப் போய் ஏமாந்தவர்களை எனக்குத் தெரியும்.

கிஸ்ஸிமி வழியாகப் போகும் 192ஆம் நெடுஞ்சாலை ஓரத்தில் மலிவு டிக்கெட் பலகைகள் நிறையத் தெரியும். பல கடைகளில் அது கூட்டத்துக்கு ஆள் பிடிக்கும் வழிதான். யாராவது இரண்டு நாள் பயன்படுத்திய பல நாள் டிக்கெட்டின் மிச்ச நாட்களை விற்றால் தொடவே தொடாதீர்கள். ஃபுளோரிடாவில் அப்படி விற்பது குற்றம். டிஸ்னி வாசலில் விரல் பதிவு வைத்துப் பார்ப்பதால் அது உங்களுக்கு உதவவும் போவதில்லை.

உங்கள் நிலையில் இருந்தால் நான் என்ன செய்வேன் என்று கேட்டால், தேதி உறுதியானதுமே அங்கீகாரம் பெற்ற மறுவிற்பனையாளரிடம் நான்கு அல்லது ஐந்து நாள் டிக்கெட்டை வாங்கிக் கணக்கில் இணைத்துவிடுவேன். போகும் நாள் மாறினால் வித்தியாசத்தைக் கட்டித் தேதியை மாற்ற முடியுமா என்று வாங்கும் முன் கேட்பேன். டிஸ்னி பூங்காக்களில் வண்டி நிறுத்த நாளுக்கு நாள் கட்டணம் உண்டு. டிஸ்னி விடுதியில் தங்குபவர்களுக்கு அது இலவசம், நமக்கு இல்லை. டிக்கெட்டில் மிச்சமாகும் ஆறு டாலரைப் பெரிதாக எண்ணும்போது இந்தச் செலவு பலருக்கு மறந்துவிடுகிறது. ஒரு நாள் கட்டினால் அன்று நான்கு பூங்காக்களிலும் அது செல்லும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

ரிசார்ட்டில் பார்க்கிங் அட்டைக்கு இரண்டாவது மேசைக்கு அனுப்பினால், “அட்டையை மட்டும் கொடுங்கள், எங்களுக்குக் கூட்டம் வேண்டாம்” என்று நின்றபடியே சொல்லுங்கள். உட்காராதீர்கள். அட்டை உங்களுக்கு உரியது, அதற்கு எந்த நிபந்தனையும் கிடையாது. எப்படியோ போய் உட்கார்ந்து எதிலாவது கையெழுத்தும் போட்டுவிட்டீர்கள் என்றால் பதற வேண்டாம். ஃபுளோரிடா சட்டத்தின் 721ஆம் அத்தியாயம் டைம்ஷேர் ஒப்பந்தத்தை ரத்து செய்யப் பத்து நாள் தருகிறது. கையெழுத்திட்ட நாள், தர வேண்டிய ஆவணங்களில் கடைசியானது உங்கள் கைக்கு வந்த நாள், இவற்றில் எது பிந்தியதோ அதிலிருந்து எண்ண வேண்டும். ஒப்பந்தத்தில் குறிப்பிட்டுள்ள முகவரிக்கு எழுத்து வடிவில், அனுப்பியதற்கான அத்தாட்சியோடு அனுப்புங்கள். தொலைபேசியில் சொல்லிவிட்டு நிற்காதீர்கள். விடுமுறை முடிந்து வீட்டுக்குப் போய் நிதானமாகப் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டால் அந்தப் பத்து நாளில் பாதி அங்கேயே கழிந்துவிடும்.