தடித்த சாய்வெழுத்துக்குத் தனி ஃபாண்ட் எதற்கு? சாய்க்கிற பட்டனை அழுத்தினால் போதாதா?

போதாது. யாரோ லோகோ கேட்டிருப்பார்கள், உங்களிடம் ஃபியூச்சுரா என்கிற ஃபாண்டின் போல்டு (தடித்த எழுத்து) மட்டும் இருக்கும், "கொஞ்சம் சாய்ச்சுக் குடுங்க" என்றிருப்பார்கள். நானும் அப்படித்தான் மாட்டினேன்.

கடை வைத்த புதிதில் ஒரு பார்சல் வண்டிக்குப் பெயர் ஒட்டும் வேலை வந்தது. "வண்டி நின்னாலும் ஓடுற மாதிரி இருக்கணும் தம்பி" என்றார் முதலாளி. ஃபியூச்சுரா போல்டை கோரல் டிரா என்கிற டிசைன் சாஃப்ட்வேரில் 20 டிகிரி இழுத்துச் சாய்த்து, ஓரடி உயரத்துக்கு வினைல் ஸ்டிக்கர் வெட்டி ஒட்டிவிட்டேன். ஸ்கிரீனில் நன்றாகத்தான் இருந்தது. வண்டியில் பார்த்தால் ஆங்கில 'ஓ' உருண்டு விழப்போகிற முட்டை மாதிரி, வலது தோளும் இடது அடியும் வீங்கி நிற்கிறது. அந்த ஃபாண்டில் ஓ கிட்டத்தட்ட முழு வட்டம். பக்கவாட்டில் இழுத்தால் சாய்வோடு போகிற கோடு மெலியும், எதிர்த்துப் போகிற கோடு தடிக்கும். ஆங்கில 'என்' (N) எழுத்தின் குறுக்குக் கோடும் அதனால்தான் கொழுத்துவிட்டது. மெல்லிய எழுத்தில் அவ்வளவாகத் தெரியாது, போல்டில் மறைக்கவே முடியாது. ஒழுங்காக வரைந்த போல்டு ஆப்லிக்கில், அதாவது தடித்த சாய்வெழுத்தில், இதையெல்லாம் எழுத்து எழுத்தாகத் திருத்தியிருப்பார்கள். எழுத்து வடிவமைப்பாளர் அட்ரியன் ஃப்ருட்டிகர் 1957-இல் யூனிவர்ஸ் என்கிற ஃபாண்டைக் கொண்டுவந்தபோது போல்டுக்கு 65, அதன் சாய்வுக்கு 66 என்று தனி எண்ணே கொடுத்தார்.

'ஆப்லிக் வேறு, இட்டாலிக் வேறு' என்று பாடம் எடுக்க வருகிறவர்களுக்கு: தெரியும் சார். இட்டாலிக்கில் எழுத்தின் உருவமே மாறும், ஆப்லிக்கில் அதே உருவம் சாயும். நான் சொல்வது ஆப்லிக்கைத்தான்.

எங்கே போடலாம்? நாலைந்து வார்த்தைக்குள், பெரிய அளவில். அமெரிக்கக் கலைஞர் பார்பரா க்ரூகர் ஃபியூச்சுரா போல்டு ஆப்லிக்கை சிவப்புப் பட்டையில் வெள்ளையாகப் போட்டு முகத்தில் அறைகிற மாதிரி பேசவைத்தார். 1994-இல் நியூயார்க்கில் தொடங்கிய சுப்ரீம் துணிக்கடையின் லோகோவும் அதே சாயல்தான். பத்தி முழுக்கப் போட்டால் படிக்கிறவருக்குக் கண் வலிக்கும், அவ்வளவுதான்.

வண்டிக் கதை முடியவில்லை. முதலாளி இடது பக்கம் போய் நின்று பார்த்தார். அங்கிருந்து பார்த்தால் வண்டியின் மூக்கு இடப்பக்கம், என் எழுத்து சாய்வது வலப்பக்கம். "இந்தப் பக்கம் ரிவர்ஸ்ல போகுதே தம்பி!" அவர் சொன்னதில் தப்பில்லை. அந்தப் பக்கத்தை உரித்து நேரெழுத்தில் ஒட்டினேன், வினைல் என் காசு. "பட்டன் தட்டுற வேலைக்கு இவ்வளவா?" என்று கேட்டு, பேசிவைத்த கூலியிலும் பாதியைப் பிடித்துக்கொண்டார். பல் டாக்டரிடம் போய் இப்படிக் கேட்பார்களா? அந்த வண்டி இன்னும் எங்கள் ஊரில்தான் ஓடுகிறது, ஒரு பக்கம் சாய்ந்தும் மறுபக்கம் நிமிர்ந்தும். இரண்டு பக்கமும் வேறு வேறு ஆள் செய்ததா என்று கேட்கிறார்கள், நான் ஆமாம் என்று சொல்லிவிடுகிறேன்.