பகலில் 96 காட்டுகிறது, ஆக்சிஜனை நிறுத்திவிடலாமா?

கேள்வி: எங்கள் மகன் 27 வாரத்திலேயே பிறந்துவிட்டான். இப்போது 4 மாதம். பி.பி.டி. (குறைமாதக் குழந்தைகளுக்கு வரும் நாட்பட்ட நுரையீரல் நோய்) என்று சொல்லி, மூக்குக் குழாயில் ஆக்சிஜனோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். பகலில் குழாய் விலகிக் கிடந்தாலும் ஆக்சிமீட்டர் ரத்தத்தில் ஆக்சிஜன் 96 சதவீதம் என்று காட்டுகிறது. இனி நிறுத்தலாமா?

பதில்: அவசரப்படாதீர்கள். முழித்துக்கொண்டு சும்மா படுத்திருக்கும்போது வரும் எண் அது. பால் குடிக்கும்போது எவ்வளவு, ஆழ்ந்து தூங்கும்போது எவ்வளவு என்று பார்த்தீர்களா? இந்த வயதில் பால் குடிப்பதுதான் பெரிய உழைப்பு. உறிஞ்சி, விழுங்கி, நடுவில் மூச்சும் விட வேண்டும். தூக்கத்திலோ மூச்சின் ஆழமே குறைந்துவிடும். பகலில் 96 காட்டும் குழந்தை இந்த நேரங்களில் 90க்குக் கீழே இறங்குவது சகஜம். அதனால்தான் ராத்திரி முழுக்க ஆக்சிமீட்டரில் பதிவு செய்து பார்த்து, 93க்குக் குறையாமல் நிலையாக நின்றால் மட்டும் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்போம்.

நீங்களாக நிறுத்தினால் உடனே ஒன்றும் ஆகாதது போலத்தான் இருக்கும். சிக்கலே அதில்தான். ஆக்சிஜன் குறைந்தால் நுரையீரல் ரத்தக்குழாய்கள் சுருங்கும், இதயத்தின் வலப்பக்கம் அதை எதிர்த்து ரத்தத்தைத் தள்ளித் தள்ளிக் களைக்கும். உதடு நீலமாகும்வரை இது வெளியே தெரியாமலே போகலாம். எக்கோ (இதய ஸ்கேன்) எடுக்கச் சொல்வது இதற்காகத்தான்.

1967ல் இந்த நோயை முதன்முதலில் விவரித்தபோது, வெண்டிலேட்டரின் அழுத்தமும் அதிக ஆக்சிஜனும் உண்டாக்கிய தழும்புகளைத்தான் பெரிதாகப் பார்த்தார்கள். இன்று நாங்கள் பார்க்கும் குழந்தைகளில் பெரும்பாலும் காற்றறைகளின் வளர்ச்சி பாதியில் நின்றிருக்கும். ஆனால் பிறந்த பிறகும், முக்கியமாக முதல் 2 வருடம், புதிய காற்றறைகள் உருவாகிக்கொண்டே இருக்கும். உடம்பு வளர்ந்தால் நுரையீரலும் வளரும். என்னைக் கேட்டால், ஆக்சிமீட்டரைவிட எடைக் குறிப்பேட்டைத்தான் முதலில் புரட்டுவேன். மூச்சு விடவே நிறைய சக்தி செலவாவதால் இவனுக்கு மற்றக் குழந்தைகளைவிடக் கூடுதல் கலோரி தேவை. அதற்காகப் பவுடர் பாலை நீங்களாகக் கெட்டியாகக் கலக்காதீர்கள், டாக்டர் கணக்குப் போட்டுச் சொல்லட்டும்.

தடுப்பூசிகளைப் பிறந்த தேதியை வைத்தே போடுங்கள், குறைமாதம் என்று தள்ளிப்போட வேண்டாம். குழந்தைகளின் நுரையீரலைத் தாக்கும் ஆர்.எஸ்.வி. வைரஸுக்கான எதிர்ப்புப்புரத ஊசி கிடைக்குமா என்றும் கேளுங்கள்.

அப்புறம், அவன் நன்றாக இருக்கும் ஒரு நாளில், தூக்கத்தில், முழுசாக ஒரு நிமிடம் மூச்சை எண்ணி எழுதி வையுங்கள். இந்தக் குழந்தைகளுக்கு இயல்பான மூச்சே வேகமாக இருக்கும் என்பதால், சளி பிடிக்கும் நாளில் ஒப்பிட அது வேண்டும். விலா உள்ளே இழுத்தாலோ, முனகினாலோ, பால் பாதியாகக் குறைந்தாலோ, ஆக்சிஜன் இருந்தும் 90க்குக் கீழே நின்றாலோ அன்றே கிளம்புங்கள். நீலம் பாய்ந்தாலோ மூச்சு விட்டுவிட்டு நின்றாலோ உடனே ஆம்புலன்ஸ்.

சரி, குழாய் விலகுகிறது என்கிறீர்கள். கன்னத்தில் ஒட்டும் டேப்பை மாற்றிப் பாருங்கள். மூக்கு வறண்டால் வாசலின் தடவாதீர்கள். எண்ணெய்ப் பசையும் ஆக்சிஜனும் சேர்ந்தால் தீப்பிடிக்கும் அபாயம் உண்டு. தண்ணீர் கலந்த ஜெல் போதும். அடுப்பு, விளக்கு, சிகரெட் எதுவும் அந்த அறைப் பக்கமே வரக்கூடாது.